ஒன்பது பக்கங்களின் அடியில் ஒரு கையெழுத்து

அத்தியாயம் 17

கோலாலம்பூர் செராஸ் வீட்டில் மூன்று வாரமாகக் காலைச் சாப்பாடு இப்படித்தான் நடக்கிறது. மாமனார் கமலநாதன் மருமகளிடம் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார். மருமகள் அனுப்பிரியா சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துப் பதில் சொல்வாள். ஒருவருக்கு மகனும் இன்னொருவருக்குக் கணவனுமான ராஜேஷ்குமார் நடுவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஏழு மணிக்கு மேல கிளம்புனா ஃபெடரல் ஹைவேல மாட்டிக்குவாங்க, சொல்லிடு" என்று அடுப்படியில் நின்ற மனைவிக்குக் கேட்கும்படி சொன்னார் கமலநாதன். அது யாருக்கு என்று தோசைக்கல்லுக்குக்கூடத் தெரியும்.

அனுப்பிரியா பாதித் தோசையோடு எழுந்துவிட்டாள்.

விடாமல் படித்து வருபவர்களுக்குக் காரணம் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பக்கம் பண்டமாரான் ஓரத்தில் பாரா ஹிஜாவ் எனர்ஜி என்றொரு கம்பெனி செம்பனை ஓட்டையும் மட்டையையும் எரித்து மின்சாரம் எடுக்கிறது. பசுமை மின்சாரம் என்று வாசலில் பெரிய பலகை. அந்தப் பசுமை பக்கத்துத் தாமான் குடியிருப்பில் காயப்போட்ட துணிமேலெல்லாம் கரியாக விழுந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இருமிக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள். நாற்பத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸில் தனியாக வக்கீல் அலுவலகம் வைத்திருக்கும் அனுப்பிரியாவிடம் வந்தன. அவள் மூன்று வாரத்துக்கு முன் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கிக் கொதிகலனை நிறுத்தினாள்.

மறுநாளே கம்பெனியின் வழக்கைக் கையில் எடுத்தவர் கமலநாதன். கோலாலம்பூரில் வேறு வக்கீலே கிடைக்கவில்லையா என்ன? வேண்டுமென்றேதான் எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன் மருமகள் தன் வக்கீல் நிறுவனத்தை விட்டு வெளியே போனதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. கம்பெனி முதலாளி அவருடைய பழைய நண்பர் என்பதும் சேர்ந்துகொண்டது.

ராஜேஷ்குமாரும் வக்கீல்தான், அப்பாவின் நிறுவனத்தில் பங்குதாரர். "இந்தக் கோப்ப நான் தொடவே மாட்டேன், நான் யார் பக்கமும் இல்ல" என்று இருவரிடமும் சொல்லியிருந்தான்.

இன்று செவ்வாய்க்கிழமை. ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் இரு தரப்பு விசாரணை. தடை நீடித்தால் வழக்கு முடியும்வரை புகைபோக்கி அணைந்தே கிடக்கும். நீடிக்காவிட்டால் இன்று மாலையே கொதிகலனைப் பற்ற வைத்துவிடுவார்கள். பண்டமாரான் மக்களுக்கு வேறு வழி கிடையாது.

* * *

எட்டு முப்பத்தைந்துக்கு நீதிமன்ற நடையில் கமலநாதனின் குமாஸ்தா வந்து தடியான ஒரு காகிதக் கட்டை அனுப்பிரியாவின் கையில் திணித்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் கேட்டார். கம்பெனி மேலாளரின் பதில் அஃபிடவிட். விசாரணை ஒன்பது மணிக்கு.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரே வீட்டில் இருக்கிற மனிதர், காலையில் தோசையோடு இதையும் மேசையில் வைத்திருக்கக் கூடாதா? படிக்க நேரம் கொடுக்கக் கூடாது என்றுதானே இந்த வேலை?

நின்றபடியே புரட்டினாள். ஏழாவது இணைப்பில் கை நின்றது.

ஒன்பது பக்கப் பட்டியல் அது. பெயர், ஐசி அடையாள அட்டை எண், கையெழுத்து என்று நூற்றெண்பத்தாறு பேர். பட்டியலுக்கு முன்னால் தனியாக ஒரு தாள். 'கீழே கையொப்பமிட்டுள்ள பண்டமாரான் வட்டாரவாசிகளாகிய நாங்கள், இங்கே அமையவிருக்கும் உயிர்ப்பொருள் மின் நிலையம் பற்றி முழுமையாக விளக்கம் பெற்று, அதற்கு மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறோம்' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் அடித்திருந்தது. கம்பெனி அனுமதி கேட்டபோது இந்தப் பட்டியலைத்தான் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

முப்பத்தோராவது வரியில் லெட்சுமி. அனுப்பிரியாவின் முதல் கட்சிக்காரி. துறைமுகத்துக் கேண்டீனில் வேலை பார்க்கிறவர். மூச்சிரைப்பில் மகளை மாதத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர். அவரா சம்மதம் கொடுத்தார்?

பக்கத்தின் அடியில் 'சாட்சி' என்று ஒரு கோடு. கோட்டின் மேல் ஒரு கையெழுத்து. அடுத்த பக்கத்தின் அடியிலும் அதே கையெழுத்து. ஒன்பது பக்கத்திலும் அதேதான். அதன் கீழே பெயரையும் தட்டச்சு செய்திருந்தார்கள்: அனுப்பிரியா, வழக்கறிஞர்.

போலிக் கையெழுத்தாக இருக்கக் கூடாதா என்று ஒரு நொடி ஆசைப்பட்டாள். இல்லை. அவளே போட்டதுதான். எந்த நாற்காலியில் உட்கார்ந்து போட்டாள் என்பதுகூட நினைவுக்கு வந்தது.

மூன்று தீபாவளிக்கு முன்னால், பண்டமாரான் பாலாய் ராயா பொது மண்டபத்தில் மாமியாரின் மகளிர் சங்கம் ஏழைக் குடும்பங்களுக்கு ஹேம்பர் கொடுத்தது. அரிசி, எண்ணெய், முறுக்கு டப்பா, ஒரு சேலை. வீட்டு மருமகள் வராமல் இருந்தால் நன்றாக இருக்குமா என்று அழைத்துக்கொண்டு போனார்கள். வாசலில் மேசை போட்டு உட்கார வைத்தார்கள். வருகிறவர்களின் ஐசியைப் பார்த்துப் பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி, ஹேம்பரைத் தள்ளிவிட வேண்டும். நம் ஊரில் எந்த ஹேம்பரை ஐசி நம்பரும் கையெழுத்தும் இல்லாமல் கொடுத்திருக்கிறார்கள்? யாரும் கேட்க மாட்டார்கள், அவளும் கேட்கவில்லை. வேலை முடிந்ததும், யார் யார் வாங்கினார்கள் என்று சங்கத்துக்குக் காட்ட வேண்டும், அடியில் சாட்சிக்கு ஒரு கையெழுத்துப் போடு என்று மாமனார் தாள்களை நீட்டினார். போட்டாள்.

பிறத்தியார் நீட்டும் காகிதத்தை மூன்று தடவை படிக்கிற பெண், மாமனார் நீட்டியதால் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. எனக்கே அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது.

* * *

கடைசி நிமிடத்தில் காகிதம் கொடுத்ததற்கு நீதிபதி அம்மையார் கமலநாதனைக் கடிந்துகொண்டார். ஆனாலும் அஃபிடவிட்டை ஏற்றுக்கொண்டு, அனுப்பிரியா பதில் தயார் செய்ய மதியம் இரண்டரை வரை நேரம் கொடுத்தார். அவ்வளவுதான் கிடைத்தது.

விசாரணைக்கு வந்திருந்த லெட்சுமியைக் கூப்பிட்டுக்கொண்டு அவள் நீதிமன்றக் கேண்டீன் மூலைக்குப் போனாள். முப்பத்தோராவது வரியைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டாள்.

லெட்சுமி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன்னுடையதுதான், ஹேம்பர் வாங்கியபோது போட்டது என்று சாதாரணமாகச் சொன்னார். முன்னால் இருந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அனுப்பிரியா விளக்கிச் சொன்னாள். லெட்சுமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் இறுகிவிட்டது.

"அன்னைக்கு மேல இந்த மாதிரி எழுத்து இருந்துச்சா, அக்கா?"

"ஒன்னும் இல்ல. கட்டம் கட்டமாத்தான் இருந்துச்சு. இதெல்லாம் அப்புறம் சேத்தது."

அனுப்பிரியாவுக்கும் அப்படித்தான் நினைவு. ஆனால் நினைவு மட்டும் இருந்தால் போதாது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு பக்கத்தின் அடியைக் காட்டினாள். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது நான்தான், அக்கா, சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான் என்று சொன்னாள்.

"அது எனக்குத் தெரியுமே" என்றார் லெட்சுமி.

அனுப்பிரியா பக்கத்தின் மேலிருந்து விரலை எடுத்தாள்.

"சேலை கலர் பிடிக்கலன்னு ஒரு பாட்டி சண்ட போட்டுச்சே, நீங்க பொறுமையா வேற மாத்திக் குடுத்தீங்க. லோயர்னு பக்கத்துல சொன்னாங்க. அந்த மூஞ்சிய ஞாபகம் வெச்சித்தான் உங்களத் தேடி பிரிக்பீல்ட்ஸ் வந்தேன். நாப்பத்திரெண்டு குடும்பத்தையும் நான்தான் கூட்டியாந்தேன்." லெட்சுமியின் குரல் ஏறவே இல்லை. "அப்ப நீங்கதான் எங்கள சைன் போட வெச்சீங்க. இப்ப நீங்களே எங்களுக்குக் கேஸும் நடத்துறீங்க."

தெரியாமல் செய்ததுதான் என்று அனுப்பிரியா சொல்லிப் பார்த்தாள்.

"நாங்க தெரியாம சைன் போட்டோம், அது சரி. நாங்க படிக்காதவங்க. நீங்க என்னத்துக்குப் படிச்சீங்க?"

லெட்சுமி கைப்பையை எடுத்துக்கொண்டு போய், நீதிமன்ற நடையில் இருந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்துகொண்டார். தேநீர் தொடாமல் ஆறிப்போனது. அனுப்பிரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கேண்டீனில் அழ முடியுமா? அடக்கிக்கொண்டாள்.

* * *

ஒரு மணிக்குப் படிக்கட்டு அருகே கமலநாதன் காத்திருந்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக மருமகளின் முகத்தைப் பார்த்துப் பேசினார். சுவருக்கு இன்று விடுமுறை.

அவர் சொன்னது இதுதான். வழக்கில் சாட்சியாக வர வேண்டியவர் அதே வழக்கில் வக்கீலாக நிற்க முடியாது, அந்த விதியை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஆகவே மதியம் எழுந்து, சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். யாரும் தோண்ட மாட்டார்கள். பட்டியல் அப்படியே நிற்கும், தடை போகும், அவள் பெயரும் கெடாது. அதை விட்டுவிட்டு, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சாட்சி சொல்லப் போனால், வக்கீல்களின் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்துக்கு யாராவது ஒருவர் எழுதிப் போடத்தான் செய்வார்.

"யாராவது ஒருத்தர்னா யாரு, மாமா?"

"எவனோ. எனக்கென்ன தெரியும்?" அவர் கோட்டுப் பித்தானைத் திருகினார். "எங்கிட்ட ஜூனியரா வந்த மொத நாளே என்ன சொன்னேன்? படிக்காம ஒரு பேப்பர்லயும் சைன் போடாதேன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க. அந்தப் பேப்பரக் குடுத்ததே நீங்கதான். வீட்டு ஆளு குடுத்தாலும் படின்னு நீங்க சொல்லல."

கமலநாதன் நாற்பது வருட வக்கீல், அவ்வளவு சுலபமாக அசைந்துவிடுவாரா? அந்தத் தாள் அன்று மேலே இருந்ததா இல்லையா என்று அவளால் நிரூபிக்க முடியாது என்றார். அவள் நிரூபிக்கப் போனால் நூற்றெண்பத்தாறு பேரையும் தானே ஏமாற்றியதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். பிறகு, வீட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, அதை நடுவீதியில் போட்டு உடைக்காதே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அந்த மனிதருக்குச் சோறு இறங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அனுப்பிரியா படியிலேயே உட்கார்ந்து யோசித்தாள். சொந்தக் காரணம் என்று சொல்லிப் போய்விடலாம்தான். புது வக்கீல் வருவார், பட்டியலைப் பார்ப்பார், கையெழுத்து இருக்கிறதே, நான் என்ன செய்ய என்பார். அன்று அந்தச் சம்மதத் தாள் மேலே இல்லை என்று சொல்லக்கூடியவர்கள் நூற்றெண்பத்தாறு ஏழைகளும் அவளும்தான். ஏழைகள் சொன்னால், இப்போது மாற்றிப் பேசுகிறார்கள் என்பார்கள். அவள் சொன்னால் அது அவளையே சுடும், அதனாலேயே நம்புவார்கள்.

ராஜேஷுக்குப் போன் போட்டாள். அன்று காரிலிருந்து தாள்களை மேசைக்குக் கொண்டுவந்து வைத்தது அவன்தான், அவனும் சொல்லலாம். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அப்போதும் எடுக்கவில்லை. வழக்கில் இருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். பைத்தியக்காரி.

* * *

இரண்டரை மணிக்கு அனுப்பிரியா எழுந்து நின்றாள். இந்த வழக்கில் வாதிகளுக்காகத் தொடர்ந்து வாதாடத் தன்னால் இயலாது என்றும், ஏழாவது இணைப்பில் சாட்சியாகக் கையெழுத்திட்டிருப்பது தானே என்றும், அது எப்படி நடந்தது என்று அஃபிடவிட் கொடுக்கப் போவதாகவும் சொன்னாள். அதற்கு அவகாசமும், புது வழக்கறிஞர் வரும்வரை தடை நீடிப்பும் கேட்டாள்.

கமலநாதன் துள்ளி எழுந்தார். இது வழக்கை இழுத்தடிக்கும் நாடகம் என்றார். ஒவ்வொரு நாளும் கொதிகலன் நிற்பதால் மின் விநியோக ஒப்பந்தமே கைவிட்டுப் போகும் என்றார். தன் சொந்தக் கையெழுத்தையே மறுக்கிற ஒரு வழக்கறிஞரின் பேச்சை நீதிமன்றம் எப்படி நம்பும் என்று கேட்டார். வழக்கறிஞர் என்ற சொல்லை அவர் துப்புவதுபோலச் சொன்னார்.

"நான் கையெழுத்தை மறுக்கவில்லை" என்றாள் அனுப்பிரியா.

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்.

"எனக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒரு வழக்கறிஞரான நீங்கள், நூற்றெண்பத்தாறு பேரின் கையெழுத்துக்குச் சாட்சியாக ஒப்பமிட்டீர்கள். அது எதற்கான காகிதம் என்று நீங்கள் கேட்கவில்லையா?"

"கேட்கவில்லை."

"ஏன்?"

"என் மாமனார் கொடுத்தார். ஹேம்பர் பட்டியல் என்று சொன்னார். நான் நம்பினேன்."

மாமனார் யார் என்று நீதிபதி கேட்கவில்லை. எதிரே நின்றவரைப் பார்த்தாரே, அது போதாதா? கமலநாதன் கோப்பைப் புரட்டத் தொடங்கினார், எதையும் படிக்காமல்.

நீதிபதி யாரையும் விட்டுவைக்கவில்லை. அனுப்பிரியாவின் கவனக்குறைவு கடுமையானது என்று சொல்லிக் குறிப்பெழுதிக்கொண்டார். அந்த வார்த்தை அவள் தொழில் முழுக்கக் கூடவே வரும். கமலநாதன் இந்த வழக்கில் தொடர்ந்து நிற்கத்தான் வேண்டுமா என்பதை அவரே யோசிக்கட்டும் என்றார். தடை அடுத்த செவ்வாய் வரை, ஒரு வாரம் மட்டும். அதற்குள் புது வழக்கறிஞரும் சாட்சிகளின் அஃபிடவிட்டுகளும் வராவிட்டால் கொதிகலனைப் பற்ற வைத்துக்கொள்ளலாம். புதியவர் பொறுப்பேற்கும்வரை எதிர்த்தரப்புக் காகிதங்களை அனுப்பிரியாவின் அலுவலகம்தான் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வெளியே பெஞ்சுக்கு அருகில் நின்றிருந்த லெட்சுமியிடம் எல்லாவற்றையும் தமிழில் சொன்னாள். பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேர் வந்து, அன்று சம்மதத் தாள் மேலே இல்லை என்று சத்தியம் செய்கிறார்களோ, அத்தனை பலம் என்று சொன்னாள். வேறு நல்ல வக்கீலைத் தானே பிடித்துத் தருவதாகவும் சொன்னாள்.

லெட்சுமி தலையாட்டினார். கோபம் தீர்ந்த தலையாட்டலா என்றால் இல்லை.

"எல்லாரையும் கூட்டிப் பேசணும். அந்தத் தாள்ல உங்க சைன பாத்தா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது லா. பேசிட்டுச் சொல்றேன்."

கிள்ளான் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். காரில் கொண்டு விடுகிறேன் என்று அனுப்பிரியா சொன்னதற்கு வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினார்.

* * *

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வந்ததும் அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. உட்கார்ந்து தன்னுடைய அஃபிடவிட்டை அடித்தாள். பதினான்கு பத்தி. எதையும் மெழுகவில்லை. யார் தாளைக் கொடுத்தார், யார் காரிலிருந்து கொண்டுவந்தார், என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார், தான் ஏன் படிக்கவில்லை, எல்லாம் இருந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய், அவர் முன்னால் சத்தியம் செய்து முத்திரை வாங்கினாள். அவர் படித்துப் பார்த்து, நிச்சயமாகத்தானா அம்மா என்று இரண்டு தடவை கேட்டார். நிச்சயம்தான் என்றாள்.

மேலே வந்தபோது ராஜேஷ்குமார் அவள் அறையில் நின்றுகொண்டிருந்தான்.

அவனைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது. காலையிலிருந்து பட்டதையெல்லாம் கொட்டிவிட ஒரு மனிதன் வந்தானே என்று இருந்தது. கொட்டினாள். கடைசியில் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னைக்கு அந்தத் தாளக் கொண்டாந்து வெச்சது நீதானே, ராஜேஷ். மேல வேற தாள் எதுவும் இல்லைன்னு உனக்குத் தெரியும். அத மட்டும் எழுதிக் குடு. வேற எதுவும் வேணாம்."

அவன் நாற்காலியில் உட்காரவில்லை. அப்பா ரொம்ப உடைந்து போயிருக்கிறார் என்று ஆரம்பித்தான். வீட்டை நினைத்துப் பார் என்றான். இன்னும் ஒரு வழி இருக்கிறது, நீ உன் அஃபிடவிட்டைத் தாக்கல் செய்யாமல் இருந்தால் இதை நாங்களும் தாக்கல் செய்ய மாட்டோம் என்று சொல்லிக் கையிலிருந்த உறையை மேசையில் வைத்தான்.

அவள் பிரித்தாள். நான்கு பக்கம், இரண்டு படி. ராஜேஷ்குமாரின் அஃபிடவிட்.

மூன்றாவது பத்தியில், தான் மேற்படி அனுப்பிரியாவின் கணவன் என்று எழுதியிருந்தான். ஆறாவது பத்தியில், சம்பவ தினத்தன்று சம்மத வாசகம் உள்ள தாள் எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததாக எழுதியிருந்தான். ஏழாவது பத்தியில், அந்த வாசகத்தைத் தன் மனைவி வரிசையில் வந்த ஒவ்வொருவருக்கும் தமிழில் படித்து விளக்கியதைத் தான் அருகில் நின்று கேட்டதாக எழுதியிருந்தான்.

அவள் அழவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தேதியைப் பார்த்தாள். வக்கீல் புத்தி, கை தானாகவே அங்கே போயிற்று.

வெள்ளிக்கிழமை.

இன்று செவ்வாய். கமலநாதன் படிக்கட்டில் பேசுவதற்கு நான்கு நாள் முன்பே அவன் சத்தியம் செய்துவிட்டான். சனிக்கிழமை அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவள் வாதக் கட்டைத் தயார் செய்தபோது தேநீர் போட்டுக் கொடுத்து, பக்கங்களை வரிசையாக அடுக்கி, ஓட்டை போட்டுக் கட்டியும் கொடுத்தான். எவ்வளவு நல்லவன் என்று நினைத்து அவன் தோளில் சாய்ந்துகொண்டாளே, அந்த ஞாயிற்றுக்கிழமைதான். யார் பக்கமும் இல்லாதவன்!

அனுப்பிரியா மேசை இழுப்பறையைத் திறந்து, 'பெற்றுக்கொள்ளப்பட்டது' முத்திரையை எடுத்தாள். இரண்டு படியிலும் அழுத்திக் குத்தினாள். தேதி எழுதினாள், ஐந்து நாற்பது என்று நேரம் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். ஒரு படியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மற்றதை அவனிடம் நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க காப்பி."

கல்லூரி நாளிலிருந்து அவள் அவனை நீங்க என்று அழைத்ததே இல்லை.

"என்ன அனு இது? நான் உன் புருஷன்."

"ஆமா. மூணாவது பத்தியில போட்டிருக்கீங்க."

இதைத் தாக்கல் செய்ய வேண்டாம் என்றுதான் கொண்டுவந்தேன், ஏன் முத்திரை குத்தினாய் என்று அவன் பதறினான். அவள் தன் அஃபிடவிட்டை எடுத்து, ஆணையரின் முத்திரை தெரியும்படி அவன் முன்னால் வைத்தாள். காலையில் முதல் வேலையாக அது நீதிமன்றத்துக்குப் போய்விடும் என்றாள். அவன் அதைத் தொடவில்லை.

"இப்ப நாம ரெண்டு பேருமே சாட்சி. கேஸ் முடியற வரைக்கும் தனியா பேசக்கூடாது. நீங்க கிளம்புங்க."

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள். அவன் போனான்.

அவன் படியிறங்கும் சத்தம் ஓய்ந்து, தெருவில் கார் கிளம்பிப் போன பிறகு, அனுப்பிரியா மேசையில் இருந்த செராஸ் வீட்டுச் சாவியைப் பார்த்தாள். இன்று எங்கே போய்ப் படுப்பது என்ற கேள்வி அப்போதுதான் அவளுக்கு வந்தது. கையில் போன் இருந்தது. லெட்சுமியிடமிருந்து இன்னும் ஒரு வார்த்தையும் வரவில்லை.